சிற்பியின் நரகத்தில் புதுமைப்பித்தன்

தமிழ்ச் சிறுகதைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வ.வே.சு. ஐயரின் ‘மங்கையர்க்கரசியின் காதல்’ தொகுதி 1917-இல் நூலாக வந்தது. பாரதியாரும் அ. மாதவையாவும் அக்காலத்தை ஒட்டியே கதைகள் எழுதினர். அவர்கள் வடிவத்தைக் கொணர்ந்து நிறுவினார்கள். ஆனால், படித்து முடித்தபின் வாசகனை நிம்மதியாக இருக்கவிடாத கதை, ஆறுதல் சொல்ல மறுக்கும் கதை, அறிந்தவை என்று நாம் நம்பியிருந்தவற்றைப் புரட்டிப்போடும் கதை தமிழில் வேர்கொண்டது 1930-களில்தான். அதை வேர்கொள்ளச் செய்தவர்களுள் முதல்வராக நிற்பவர் புதுமைப்பித்தன்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு அவருடைய வாழ்க்கையைப் பற்றி எழுதுவது பொருத்தமே. புகழுரை நோக்கமன்று. அவரைப் புகழ்வது இன்று மிக எளிது. படிப்பதுதான் அருகி வருகிறது. இந்த வேறுபாட்டைத் தம் கதைகளிலேயே அவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதே இக்கட்டுரையின் மையம்.

இளமையும் கல்வியும்

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன், 1906-ஆம் ஆண்டு ஏப்ரல் 25 அன்று கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை வருவாய்த்துறை அலுவலர், தாசில்தாராக விளங்கியவர். தாயார் பர்வதத்தம்மாள். குடும்பத்தின் பூர்வீகம் திருநெல்வேலி. தந்தையின் பணி மாற்றங்களால் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர்விட்டு ஊர் மாறித் தொடக்கக் கல்வி நிகழ்ந்தது. எட்டு வயதில் தாயை இழந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். தாயின் பெயர் அவர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக நின்றது என்பதைப் பல்லாண்டு கழித்து ஒரு செயலால் அறிகிறோம். அதனைப் பின்னர்க் காண்போம்.

1918-இல் குடும்பம் நெல்லைக்குத் திரும்பியது. ஒரே இடத்தில் வளராத சிறுவனுக்குத் தாமிரபரணிக் கரை அப்போதுதான் சொந்தமாயிற்று. நெல்லைச் சைவ வேளாளக் குடும்பங்களின் பேச்சு, அவர்களுடைய பெருமிதம், அப்பெருமிதத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் வறுமை, எதையும் ஓரக்கண்ணால் பார்த்து நகைக்கும் நையாண்டி ஆகிய அனைத்தும் பிற்காலக் கதைகளுக்கு உரமாயின. உள்ளூரில் பிறந்து வளர்ந்தவனுக்குக் கண்ணில் படாத பலவும், வெளியிலிருந்து வந்து சேர்ந்தவனுக்குக் கூர்மையாகத் தென்படும். அவருடைய நெல்லைக் கதைகளில் உறவும் விலகலும் ஒருங்கே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நெல்லை இந்துக் கல்லூரியில் பயின்று 1931-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். அரசுப் பணியையோ வழக்கறிஞர் தொழிலையோ நாடாமல் எழுத்தையே வாழ்வாகக் கொள்வது என்று அவர் துணிந்தபோது, தமிழில் எழுதிப் பிழைத்தல் என்பது ஏறத்தாழ இயலாத ஒன்றாக இருந்தது. தந்தைக்கும் மகனுக்கும் இடையே பிணக்கு முற்றியது. இளம் இணையர் வீட்டை விட்டு வெளியேறினர்.

மணிக்கொடிக் காலம்

அவருடைய முதற் படைப்பு ‘குலோப்ஜான் காதல்’, 1933-இல் ‘காந்தி’ இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கு. சீனிவாசன், வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம் ஆகியோரின் முயற்சியால் ‘மணிக்கொடி’ தோன்றியிருந்தது. 1934 ஏப்ரலில் ‘ஆற்றங்கரைப் பிள்ளையார்’ அவ்விதழில் வெளியாயிற்று. அடுத்த மாதமே ‘பொன்னகரம்’ வந்தது.

‘பொன்னகரம்’ அச்சில் இரண்டு மூன்று பக்கமே கொள்ளும் கதை. ஆலையில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி கொடுக்க வேண்டிய காசுக்காக இருட்டுச் சந்துக்குள் ஒருவனுடன் செல்கிறாள். கதை அவ்வளவுதான். ஆனால் கற்பைப் பற்றி மேடைகளில் முழங்குவோரை நோக்கி இறுதியில் ஆசிரியர் திரும்பும் திருப்பம், இன்றும் வகுப்பறையில் மாணவர்களை ஒருகணம் அமைதியாக்கிவிடுகிறது. அம்மாளுவைக் கண்டிக்கவும் அவர் இடம் தரவில்லை. இரங்கி மனநிறைவு அடையவும் விடவில்லை. இரக்கமும் ஒருவகை வசதிதான் என்பதைத் தமிழ் வாசகருக்கு முதன்முதலாக உணர்த்திய கதை இது.

1935-இல் ‘மணிக்கொடி’ பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்கே உரிய இதழாக மாறியது. ந. பிச்சமூர்த்தி, கு.ப. ராஜகோபாலன், மௌனி, சி.சு. செல்லப்பா, சிட்டி எனப் பலர் அங்கே திரண்டனர். கு.ப.ரா. ஆண் பெண் உறவின் நுண்மைகளை மென்குரலில் தீட்டினார். மௌனி அகத்தின் இருளுக்குள் நடந்தார். புதுமைப்பித்தனோ ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் தொடர்பில்லாதவர் போல் உருமாறிக்கொண்டே இருந்தார். புராணம், பேய்க்கதை, தெருக்காட்சி, கனவு, அங்கதம் என எல்லா நிலங்களிலும் ஏர் பூட்டினார். நெல்லைப் பேச்சும் சென்னைத் தெருமொழியும் சித்தர் மரபும் செவ்வியல் நடையும் ஒரே கதைக்குள் மோதிக்கொண்டன. சொற்களைச் செலவழிப்பதில் கருமியாகவும் தாவல்களில் ஊதாரியாகவும் இருந்தார்.

‘ஊழிய’னில் சிலகாலம் பணியாற்றியபின் ‘தினமணி’யில் துணையாசிரியரானார். அன்றாடம் உலகச் செய்திகளை மொழிபெயர்த்துக் குவிக்கும் வேலை. அப்பயிற்சி வீண்போகவில்லை. முசோலினியைப் பற்றி ‘பாஸிஸ்ட் ஜடாமுனி’ எழுதினார். பிறமொழிக் கதைகள் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றைத் தமிழாக்கினார். தழுவலா மொழிபெயர்ப்பா என்ற விவாதம் 1930-களின் பிற்பகுதியில் எழுந்தபோது தழுவலை வன்மையாக எதிர்த்தார். அயல்நாட்டுப் பாத்திரத்துக்கு வேட்டி கட்டிவிட்டுத் தமிழ்க்கதை என்பது ஏமாற்று என்பது அவர் நிலைப்பாடு. அவருடைய தொடக்கக் கதைகள் சிலவற்றிலேயே மாப்பசானின் சாயல் உண்டு என்று ஆய்வாளர் பின்னர்ச் சுட்டினர். இம்முரண்பாட்டை மறைக்கத் தேவையில்லை.

தாம்பரத்து ரயில்

செங்கற்பட்டுப் பகுதியினராகிய நமக்கு அவருடைய கதை ஒன்று தனி உறவுடையது. ‘சுப்பையா பிள்ளையின் காதல்கள்’ என்னும் கதையின் நாயகர், தென்பாண்டிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து தாம்பரத்தில் குடியிருப்பவர். கடை உத்தியோகத்துக்கு நாள்தோறும் மின்சார ரயிலில் போய்வருபவர். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் தொடங்கியது. அன்றைய தாம்பரம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. 2019-இல் செங்கல்பட்டு மாவட்டம் புதிதாக அமைந்தபோது மீண்டும் நம்முடன் சேர்ந்தது.

ரயிலில் எதிரே வந்து அமரும் ஓர் இளம்பெண்ணைச் சுற்றிச் சுப்பையா பிள்ளையின் மனம் பின்னும் கனவும், வீட்டில் காத்திருக்கும் வாழ்வின் கனமும் இக்கதையில் உராய்கின்றன. நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது எதுவும் நிகழ்வதில்லை. நிலையங்கள் கடந்து போகின்றன, அவ்வளவே. நகரத்துக்கு உடலையும் ஊருக்கு உயிரையும் கொடுத்துவிட்டு இடைவழியில் தொங்கும் மனிதனைத் தமிழ்க் கதையில் அவர் முதலில் அடையாளம் கண்டார். இன்று செங்கல்பட்டிலிருந்து விடியலில் ரயிலேறி இரவில் திரும்பும் நம் உறுப்பினர் பலர் சுப்பையா பிள்ளையின் வாரிசுகள்.

இதன் மற்றொரு முகமே ‘மனித யந்திரம்’. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரே கடையில் கணக்கெழுதிய மீனாட்சிசுந்தரம் பிள்ளை, ஒருநாள் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட முடிவு செய்கிறார். ரயிலில் ஏறியும் அமர்கிறார். பின்னர் இறங்கி வந்து பணத்தை வைத்துவிட்டுக் கணக்கைச் சரிசெய்கிறார். இதனை நேர்மையின் வெற்றி என்று பாடநூல் உரையாசிரியர் எழுதிவிடக்கூடும். புதுமைப்பித்தன் காட்டுவதோ, திருடவும் திராணியற்றுப்போன ஒரு வாழ்வை.

1943-ஆம் ஆண்டு

1940-இல் ரா.ஸ்ரீ. தேசிகனின் முன்னுரையுடன் ‘புதுமைப்பித்தன் கதைகள்’ வெளிவந்தது. ஆயினும் அவருடைய கலை உச்சம் தொட்ட ஆண்டு 1943. ‘காஞ்சனை’, ‘செல்லம்மாள்’, ‘சாப விமோசனம்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ ஆகிய நான்கும் அவ்வோராண்டில் ‘கலைமக’ளில் வெளியாயின. தமிழ்ச் சிறுகதையில் இத்தகைய ஆண்டு வேறொன்று உண்டா என்பது ஐயமே. அதே ஆண்டில்தான் டி.எஸ். சொக்கலிங்கம் ‘தினமணி’யிலிருந்து விலக, அவருடன் சேர்ந்து புதுமைப்பித்தனும் வெளியேறினார். பின்னர்ச் சொக்கலிங்கம் தொடங்கிய ‘தினசரி’யில் சேர்ந்தபோதும் நெடுநாள் நிலைக்கவில்லை. கலை உயர்ந்த ஆண்டும் மாதச் சம்பளம் தடுமாறிய ஆண்டும் ஒன்றேயாயின.

‘சாப விமோசன’த்தில், இராமனின் பாததூளியால் கல்லுருவம் நீங்கிய அகலிகை, சீதையை அவன் தீக்குளிக்கச் செய்ததை அறிந்து மீண்டும் கல்லாகிறாள். இராமாயணத்தை மறுப்பதன்று இக்கதையின் நோக்கம். தனக்கு விமோசனம் தந்த அறத்தையே அகலிகை சோதித்துப் பார்க்கிறாள். ‘செல்லம்மா’ளில் நோயுற்ற மனைவிக்குக் கணவர் பணிவிடை செய்து, அவள் இறந்ததும் உடலைக் கழுவுகிறார். கண்ணீர் ஒரு சொட்டும் கதையில் சிந்தப்படுவதில்லை. வறுமையாலும் பணியாலும் மனைவியை அடிக்கடி பிரிந்து வாழ நேர்ந்த எழுத்தாளர், கமலாவுக்கு எழுதிய மடல்கள் பின்னர் ‘கண்மணி கமலாவுக்கு’ என நூலாயின. அவற்றைப் படித்தோர்க்குச் ‘செல்லம்மா’ளின் வறண்ட குரல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவர் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

கல்லும் கூத்தும்

மாமல்லைக் கடற்கரை நம் வட்டத்தின் மற்றொரு வீடு. ஆகையால் ‘சிற்பியின் நரகம்’ என்ற 1935-ஆம் ஆண்டுக் கதையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கதை நிகழ்வது காவிரிப்பூம்பட்டினத்தில். சாத்தன் என்னும் முதிய சிற்பி, வாழ்நாளெல்லாம் தேடிய ஒரு பாவத்தைக் கூத்தனின் திருமுகத்தில் வடித்துவிடுகிறான். யவன நண்பனுக்கு அது கலை. துறவிக்கு அது தத்துவம். சிலை கோயிலில் நிறுவப்படும் வேளையில் சாத்தன் கனவு காண்கிறான். இருண்ட கருவறைக்குள் நிழல்கள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. எல்லாரும் தத்தம் மோட்சத்தையே கேட்டுக் கதறுகின்றனர். ஒருவரும் சிலையின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதுவே சிற்பியின் நரகம்.

இதனுடன் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையை இணைத்துப் படித்தல் வேண்டும். சென்னைத் தெருவில் வந்திறங்கும் கடவுள், கந்தசாமிப் பிள்ளையுடன் காப்பி அருந்துகிறார். அவருடைய வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராகிறார். பூலோகத்தில் பிழைக்க வழி தேடிக் கலாரசிகரான திவான் பகதூர் ஒருவர்முன் தேவியுடன் ஆடுகிறார். ஆட்டம் பிடிக்கவில்லை என்று ரசிகர் தள்ளிவிடுகிறார். முதற் கதையில் பக்தர்கள் நடராசனின் உருவத்தைப் பாராமல் போகின்றனர். இரண்டாவதில் ரசிகர்கள் நடராசனின் ஆட்டத்தையே பார்க்கத் தவறுகின்றனர். பக்தியும் குருடாகலாம், ரசனையும் குருடாகலாம் என்று எட்டாண்டு இடைவெளியில் இருமுறை அவர் எழுதினார். நகைப்புக்காக மட்டும் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படிப்போர் இந்த வலியைத் தவறவிடுகின்றனர்.

மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பங்களைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகின்றனர். அருகே பூஞ்சேரியில், கேவாத பெருந்தச்சன் முதலான பெயர்கள் பொறிக்கப்பட்ட பாறையை நாடிச் செல்வோர் சிலரே. 1957-இல் தொடங்கப்பெற்ற சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்துள்ளது. உளியோசை அவ்வூரில் இன்னும் அடங்கவில்லை. சாத்தனின் கனவு பழங்கதையன்று என்பதை அத்தெருக்களில் நடப்போர் அறிவர்.

பூனாவும் மராத்தியும்

பத்திரிகைத் தொழில் கைவிட்டபின் திரைப்படம் அழைத்தது. ஜெமினியின் ‘ஔவையார்’ படத்துக்கு எழுதினார், ‘காமவல்லி’க்கு எழுதினார். ‘பர்வதகுமாரி புரொடக்‌ஷன்ஸ்’ என்று தாயின் பெயரால் சொந்த நிறுவனம் தொடங்கினார். மேலே சுட்டிய செயல் இதுவே. ‘வசந்தவல்லி’ என்ற படத்தை எடுக்க முனைந்த அம்முயற்சி நிறைவேறாமல் பொருளிழப்பில் முடிந்தது. பின்னர் எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’க்கு உரையாடல் எழுதப் பூனா சென்றார். அங்கேதான் காசநோய் முற்றியது.

மராத்தி இலக்கியத்தில் அதே ஆண்டுகள் பெருமாற்றத்தின் காலம். ‘சத்தியகதா’ இதழைச் சூழ்ந்து கங்காதர் காட்கில், அரவிந்த் கோகலே, பு.பா. பாவே, வெங்கடேஷ் மாட்கூள்கர் ஆகியோர் ‘நவகதா’ என்னும் புதுக்கதையை வளர்த்து வந்தனர். திருப்பமும் நீதியும் தாங்கிய பழைய கதையை விடுத்து, மனத்தின் ஒழுங்கற்ற ஓட்டத்தையும் பெருநகரத்தின் மூச்சுத்திணறலையும் எழுதினர். கவிதையில் பா.சீ. மர்டேகர் ஆபாச வழக்கையே எதிர்கொண்டு விடுதலை பெற்றார். தமிழில் ‘மணிக்கொடி’ செய்ததை, ஏறத்தாழப் பத்தாண்டு பின்னர் மராத்தியில் ‘சத்தியகதா’ செய்தது. தமிழ்ப் புதுக்கதையின் முன்னோடி, மராத்திப் புதுக்கதை தழைத்த மண்ணில் நோயுடன் போராடிக்கொண்டிருந்தார் என்பது நெஞ்சை உறுத்தும் வரலாற்று ஒற்றுமை.

இவ்வொப்பீடு மற்றொன்றையும் கற்பிக்கிறது. மராத்தியில் புதுக்கதை நடுத்தர வர்க்கத்து அறைகளோடு நின்றுவிடவில்லை. 1963-இல் பாபுராவ் பாகூலின் ‘ஜெவ்ஹா மீ ஜாத் சோரலி ஹோதி’ தொகுதி வந்து, தலித் வாழ்வை உள்ளிருந்தே பேசியது. புதுமைப்பித்தன் 1935-இலேயே ‘துன்பக்கேணி’யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்று சீரழியும் மருதியின் கதையை எழுதினார். தோட்டத்துரைகளின் கொடுமையை அவ்வளவு துணிவாக எழுதியவர் அன்று அரியர். ஆயினும் மருதியை அவர் கண்டது வெளியிலிருந்துதான். பரிவு உண்டு, ஆனால் அவர் பிறந்த சமூகத்தின் பார்வைக்கோணமும் சொற்களும் முற்றிலும் கழன்றுவிடவில்லை என்று தலித் திறனாய்வாளர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அக்கதை பாடத்திட்டத்துக்குள் வரலாமா என்ற வாதமும் எழுந்தது. நீக்குவதைவிட, கற்பித்து வாதிடுவதே அவருக்கும் மாணவருக்கும் நேர்மை என்பது என் கருத்து. பின்னாளில் பூமணி, இமையம், பாமா ஆகியோர் எழுதியவற்றை ‘துன்பக்கேணி’க்கு அருகில் வைத்துப் படிக்கும்போதுதான் அதன் பெருமையும் எல்லையும் ஒருங்கே புலப்படும்.

இறுதி

1948 மே மாதம் நோயுற்ற உடலுடன் பூனாவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்து மனைவியையும் குழந்தை தினகரியையும் சேர்ந்தார். ஜூன் 30 அன்று காலமானார். வயது நாற்பத்திரண்டு. எழுதிய காலம் பதினைந்து ஆண்டுகள். எழுதிய கதைகள் ஏறத்தாழ நூறு. ‘கயிற்றரவு’ அவருடைய இறுதிக் கதைகளுள் ஒன்று. சாவைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காலம் என்பதையே கயிறா அரவா என்று வினவிய கதை அது.

கவிஞர் நிறைந்த நம் அவையில் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை என்ற பெயரில் அவர் கவிதைகளும் எழுதினார். பதினைந்து அளவில் அமைந்த அவற்றுட் பல, நண்பர் தொ.மு.சி. ரகுநாதனுக்கு மடலாக வரைந்த வெண்பாக்கள். மரபின் யாப்பை நன்கு பயின்றவராதலின் அதை வைத்து விளையாட அவரால் முடிந்தது. ரகுநாதனே 1951-இல் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ எழுதி, தோழமைக்கும் வாழ்க்கை வரலாற்றுக் கலைக்கும் ஒருசேர மரியாதை செய்தார். 2000-இல் ஆ.இரா. வேங்கடாசலபதியின் செம்பதிப்பு வெளிவந்தது. 2002-இல் தமிழ்நாடு அரசு புதுமைப்பித்தன் படைப்புகளை நாட்டுடைமையாக்கியது.

இனி அவருடைய கதைகள் யாவருக்கும் உரியவை, மலிவாகக் கிடைப்பவை. நூற்றாண்டு விழாக்கள், கருத்தரங்குகள், ஆய்வேடுகள் எனப் பீடம் உயர்ந்துவிட்டது. ஆய்வுப் பட்டத்துக்காகவும் மேடைக்காகவும் அவர் பெயரைச் சொல்லும் கூட்டத்தில், கதையின் முகத்தை ஏறிட்டுப் பார்ப்போர் எத்தனை பேர் என்று கேட்டால், சாத்தனின் கருவறை நினைவுக்கு வருகிறது. பத்தாம் ஆண்டு மலர் வெளியிடும் நாமும் அந்த நிழல்களின் வரிசையில் சேர்ந்துவிடக்கூடாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். பதினோராம் ஆண்டில் நம் மாதக் கூட்டங்கள் ஒவ்வொன்றிலும் அவருடைய கதை ஒன்றை முழுமையாக வாசிப்போம். பாராட்டுரைகளைக் குறைத்து, உடன்படாதவர்க்கு முதலில் பேச வாய்ப்பளிப்போம். ‘சிற்பியின் நரக’த்தை மாமல்லபுரத்திலும் ‘சுப்பையா பிள்ளையின் காதல்க’ளைத் தாம்பரத்திலும் படிக்கலாம். தொடக்கம் ‘துன்பக்கேணி’யாக இருக்கட்டும், அதில்தான் நமக்குள் கருத்து வேற்றுமை மிகுதி.